போய்ச் சேர்ந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?

கேள்வி:

எனக்கு 43 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை, வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடம் பார்த்துக்கொண்டேன். அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டை விற்றுத் தம்பியும் நானும் பங்கு பிரித்துக்கொண்டோம். நாட்டின் அந்தக் கோடியில் ஒரு நகரத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு முகம் தெரியாது. 2,300 கிலோமீட்டர். பாதிக்கு மேல் சாமானைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் காரில் ஏற்றிக்கொண்டு தனியாகவே ஓட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். இரண்டே நாளில் போய்விடலாம் என்று கணக்கு. கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது, சர்வீஸ் விட்டு எடுத்தாயிற்று. டயர் மாற்ற வேண்டுமா? மேலே கேரியர் போடலாமா? அம்மாவின் தையல் மிஷினை முன் சீட்டில் வைத்துக்கொள்ளலாமா? (பழைய இரும்பு மிஷின். மரப்பெட்டியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும்.)

தம்பி, 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா' என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டான். சித்தி, 'எதுக்குப் பயந்து ஓடுறே?' என்கிறார். எனக்கே தெரியவில்லை. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா நிற்கிறார். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டு கிடக்கிறேன். வழியில் என்ன ஆனாலும் பரவாயில்லை, கிளம்பினால் போதும் என்று சில நாள் தோன்றுகிறது. நான் செய்வது சரிதானா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். பென்சிலை வைத்துக் குறித்துக்கொண்டே படித்தேன். காரைப் பற்றி மட்டும் பதினொரு கேள்விகள். தம்பியைப் பற்றி ஒன்று, சித்தியைப் பற்றி ஒன்று. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி இருக்கிறதே, அதைப் பேசிவிடுவோம்.

'வழியில் என்ன ஆனாலும் பரவாயில்லை.' சலித்துப்போனவர்கள் எல்லோரும் இப்படிப் பேசுவதுண்டு. வாழ்வதில் பிடிப்பு விட்டுப்போனவர்களும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். காகிதத்தை வைத்து என்னால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்திருந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டிருப்பேன்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? உயிரை விடுவதைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா? எப்படி என்றுகூட யோசித்ததுண்டா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவராவது வாய்விட்டுக் கேட்டாரே என்று மூச்சு விட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்றோ, 'சில நாள், தெரியவில்லை' என்றோ பதில் வந்தால் பயணத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ஊரை மாற்றும் திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த மனநிலையில் நெடுஞ்சாலையில் தனியாக ஸ்டீரிங் பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான். முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் நெருக்குகிறது என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேசாத தம்பியானாலும் பரவாயில்லை, அவரிடமும் சொல்லுங்கள்.

'இல்லை, எரிச்சலில் எழுதிவிட்டேன்' என்றால் மேலே படியுங்கள். அப்போதும் தூக்கத்துக்காக ஒரு தடவை டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். நடுவில் மருந்து, துணி மாற்றுவது, கூப்பிட்டாரோ என்று பாதித் தூக்கத்தில் காது கொடுப்பது. ஐந்து வருடம் அப்படி இருந்த உடம்பு இது. வேலை முடிந்துபோனது உங்களுக்குத் தெரியும். உடம்பு இன்னும் நைட் ஷிஃப்டில்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் பைத்தியக்காரத்தனமும் அல்ல, சோம்பலும் அல்ல. சரிசெய்யக்கூடிய விஷயம். ஆனால் காரில் ஏறுவதற்கு முன்னால் சரிசெய்ய ஆரம்பிக்க வேண்டிய விஷயம்.

இனி சித்தியின் கேள்வி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்தக் கேள்விக்கு நீங்கள் இத்தனை மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஊரை விட்டுப் போகிற எவரும் எதையாவது விட்டுத்தான் போகிறார்கள். அதை ஓட்டம் என்று சொல்வதா, புறப்பாடு என்று சொல்வதா என்பதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது வைக்கிற பெயர். மன ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களிடம் நான் வேறொன்று கேட்பேன்: போகிற ஊரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும், சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுவீர்கள், வேலை விட்டு வந்ததும் எங்கே போவீர்கள், ராத்திரி பல் தேய்க்கும்போது வீட்டில் என்ன சத்தம் கேட்கும்? சிலர் கடகடவென்று சொல்லுவார்கள். சிலருக்கு, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற காட்சி மட்டும் சினிமா மாதிரித் தெரியும். அதற்குப் பிறகு திரை வெள்ளையாக இருக்கும். நீங்கள் இரண்டாவது ரகம் என்று உங்கள் நான்கு பக்கம் சொல்கிறது. போகக்கூடாது என்பதற்கு இது காரணமில்லை. வீட்டுப்பாடம் பாக்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இடம் மாறினால் மனிதர் மாறுவாரா? பாதி மாறுவார். வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், கல்லூரி மாறிப்போன மாணவர்களைக் கவனித்து 2005ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடற்பயிற்சி, பேப்பர் படிப்பது, டிவி பார்ப்பது மாதிரியான பழக்கங்கள் புது இடத்தில் என்ன ஆகின்றன என்று பார்த்தார்கள். பழக்கத்தைத் தூண்டிவிடும் சூழ்நிலை புது இடத்திலும் அப்படியே இருந்தால் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சூழ்நிலை மாறியிருந்தால் பிடி தளர்ந்து, அவரவர் அப்போது என்ன நினைக்கிறார்களோ அதன்படி நடந்தார்கள். உங்களைப் போல் கிளம்புகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். நல்ல பழக்கத்தின் பிடியும் சேர்ந்தே தளரும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அரை மணி நேரம் நடப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது தானாக உங்களோடு வராது. இன்னொன்று, இரண்டு மணி வரை விழித்துக் கிடப்பதன் சூழ்நிலை இந்த வீடு அல்ல. கையில் இருக்கும் போன்தான். அது உங்களோடு காரில் ஏறி வரப்போகிறது. புது வீட்டில் முதல் ராத்திரியிலிருந்தே போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குச் சின்னக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி என்பது முக்கியம். பத்தாவது ராத்திரி என்றால் பழைய பழக்கம் புது அறையில் குடியேறியிருக்கும்.

சரி, சாலைக்கு வருவோம். உங்கள் இரண்டு நாள் கணக்கில் எனக்குச் சம்மதமில்லை. 2,300 கிலோமீட்டரை இரண்டாகப் பிரித்தால் நாளைக்கு 1,150. பெட்ரோல், கழிவறை, சாப்பாடு, ஊருக்குள் நெரிசல், எங்கேயோ தோண்டிப் போட்ட ரோடு எல்லாம் சேர்த்தால், ஸ்பீடோமீட்டரில் 100 காட்டினாலும் சராசரி 65, 70தான் வரும். அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய பதினேழு மணி நேரம். இந்தப் பதினேழு என்ற எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997ல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போல் தடுமாறுவதைக் காட்டினார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். நீங்கள் சொட்டு மது தொடாமல், அதே நிலையில் முதல் நாள் இரவு ஊர் தெரியாத ஹோட்டலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதுவும் ஒரு வருடத் தூக்கக் கடனோடு.

நானும் முப்பது வயதில் இப்படி ஒரு வேலைக்காகச் சாமானோடு கார் ஓட்டிப் போனவன்தான். இரண்டாம் நாள், மதியம் மூன்று மணி. நேர் ரோடு, நல்ல வெயில், ஏசி, பிடித்த பாட்டு. தூங்கினேன் என்றே எனக்குத் தெரியாது. ரோட்டின் ஓரத்தில் தடதடவென்று அதிர்வதற்காகக் கோடு கோடாகச் செதுக்கியிருப்பார்களே, அதன் மேல் சக்கரம் ஏறிய சத்தத்தில் விழித்தேன். முன்னால் ஒரு மைல்கல் நின்றது. பாட்டு மட்டும் இரண்டு வரி தாண்டிப் போயிருந்தது. அந்த இரண்டு வரி எனக்கு இன்றுவரை கேட்கவில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர். நான்கு நொடி கண் செருகினால் நூறு மீட்டருக்கு மேல் கார் தானாகவே போகும். ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கை நடுக்கம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 460 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். ஐரோப்பாவில் லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், பொதுவாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நமக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். விடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கிளம்புங்கள். 'நெரிசல் இருக்காது' என்று அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உடம்புக்குத் தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம் அது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அடுத்தது. அந்த நேரத்தை நிறுத்தத்துக்கு ஒதுக்குங்கள். கண் இழுத்தால் ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது இவற்றால் ஆகிற காரியமில்லை. பிரிட்டனில் ரெய்னர், ஹார்ன் என்ற ஆய்வாளர்கள் இதையெல்லாம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அவர்கள் சோதித்ததில் உதவியவை காபியும் குட்டித் தூக்கமும். காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆகவே முதலில் காபியைக் குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, கால் மணி நேரம் கண்ணை மூடுங்கள். எழும்போது காபி வந்து சேர்ந்திருக்கும்.

ஐந்து நாளுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது என் தொழில் சம்பந்தப்பட்டது. தனியாக ஓட்டும்போது அழுகை வரும். அம்மா போனதிலிருந்து சாவுக்கு வந்தவர்களைக் கவனிக்க, வீட்டை விற்க, காகிதத்தில் கையெழுத்துப் போட என்றே நீங்கள் ஓடியிருக்கிறீர்கள். ஸ்டீரிங்கும் சாலையும் தவிர வேறு வேலை இல்லாத இடத்தில் அது பொங்கிக்கொண்டு வரும். வரட்டும். ஆனால் கண்ணீரோடு ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு நாள் திட்டத்தில் அழுவதற்கு நேரமே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

காரைப் பற்றிய பதினொன்றில் முக்கியமானவற்றுக்கு மட்டும் சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் சாமானோடு ஓட்டியவன்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் வருடம், 23வது வாரம் செய்தது. உங்கள் கார் ஏழு வருடப் பழையது, டயரும் கூடவே வந்தது என்றால் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. முழுச் சுமையோடு 2,300 கிலோமீட்டர் போகப்போகிறவர் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்துக்கு டிரைவர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல கார்களில் முழுச் சுமைக்கென்று தனி எண் இருக்கும். ஓடிச் சூடான டயரில் பார்க்காதீர்கள், காலையில் கிளம்புமுன் பாருங்கள்.

ஸ்டெப்னியை யாரும் யோசிப்பதில்லை. பெரும்பாலான கார்களில் அது டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. ஜாக்கியும் ஸ்பேனரும் அங்கேயேதான். டிக்கி நிறையப் பெட்டி அடுக்கிய பிறகு பஞ்சரானால், உங்கள் மொத்தக் குடித்தனத்தையும் ரோட்டோரத்தில் இறக்கிவைத்துவிட்டுத்தான் டயரைத் தொட முடியும். ஜாக்கி, ஸ்பேனர், முக்கோண எச்சரிக்கைப் பலகை, டார்ச் நான்கையும் வெளியே எடுத்துப் பின் சீட்டின் காலடியில் வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு நாள், வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தின் நட்டைக் கழற்றிப் பாருங்கள். கடையில் ஏர் கன் வைத்து முறுக்கியிருப்பார்கள், கையால் அசையாது. அசையவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டால், கைப்பிடி நீளமான ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மேலே கேரியர் வேண்டாம். காற்று இழுக்கும், பெட்ரோல் குடிக்கும், வளைவில் கார் ஆடும். ராத்திரி ஹோட்டல் வாசலில் நிறுத்தினால் வழியில் போகிறவர்களுக்கெல்லாம் உங்கள் கதையைச் சொல்லும். காருக்குள் கொள்ளாததைப் பார்சலில் அனுப்புங்கள். கண்ணாடி மட்டத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். கனமானது கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி. பின்பக்கம் கனத்தால் கார் முன்னால் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருந்தால் அது அதற்காகத்தான். ராத்திரி நிறுத்தும்போது டிக்கி சுவரைப் பார்த்திருக்கும்படி ரிவர்ஸில் ஒட்டி நிறுத்துங்கள், யாரும் திறக்க முடியாது. சான்றிதழ், வீடு விற்ற பத்திரம், மருந்து, மாற்றுத் துணி இவை மட்டும் ஒரு தோள்பையில் உங்களோடு அறைக்கு வரட்டும்.

தையல் மிஷின். முன் சீட்டில் வைக்க ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் அந்த இரும்பு நிற்காது, டேஷ்போர்டை நோக்கிப் போகும், அல்லது உங்களை நோக்கி வரும். பின் சீட்டுக்கு முன்னாலிருக்கும் காலடிப் பள்ளத்தில், பெட்டியோடு, அசையாமல் இறுக்கிவைக்க வேண்டிய சாமான் அது. சிறிய எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் முன்னால். அவருடைய சால்வையோ, கண்ணாடிக் கூடோ. (கனமான சாமானை முன் சீட்டில் வைத்தால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் 'பெல்ட் போடு' என்று கத்திக்கொண்டே வரும். அம்மாவின் மிஷினுக்கு பெல்ட் மாட்டிவிட்டு 2,300 கிலோமீட்டர் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது உங்களுக்கு இப்போது நல்லதில்லை.)

தம்பி. அவர் கோபத்தை எல்லோரும் கோபமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே வருடத்தில் அம்மா போனார், வளர்ந்த வீடு போனது, இப்போது அக்காவும் போகிறாள். கடைசிக் கணக்கை மட்டும்தான் அவரால் தட்டிக் கேட்க முடிகிறது, மற்ற இரண்டையும் யாரிடம் கேட்பார்? அதனால் முடிவு சரியா தப்பா என்று அவரோடு வாதாடாதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். 'டேய், நான் போறது போறதுதான். ஆனா தினமும் ராத்திரி நான் எங்க தங்குறேன்னு ஒருத்தருக்குத் தெரியணும். அது நீதான். எட்டு மணிக்குள்ள என் மெசேஜ் வரலைன்னா நீ போன் பண்ணு' என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நாளின் ஹோட்டல் பெயர்களையும் கார் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பாதுகாப்புக்கு இது எப்படியும் தேவை. மற்றபடி போகிற வழியெல்லாம் போட்டோ எடுத்து உடனுக்குடன் ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம், போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த மறுநாள்.

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரம் நன்றாகவே இருக்கும். வேலை புதிது, தெரு புதிது, பெட்டி பிரிப்பதற்கே நேரம் சரியாகப் போகும். என்னிடம் இந்த மாதிரி வந்தவர்களில் பலர் சொன்னது மூன்றாவது, நான்காவது வாரத்தைப் பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெட்டியெல்லாம் பிரித்தாயிற்று, செய்வதற்கு ஒன்றுமில்லை, தொண்டையைக் கனைத்துப் பார்த்தால் நேற்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது தெரியும். அன்றைக்குத்தான் 'தப்புப் பண்ணிவிட்டேன்' என்று தோன்றும். அது வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தேதியைக் காலண்டரில் குறியுங்கள், இருப்பதா திரும்புவதா என்று அந்தத் தேதியில்தான் யோசிப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் திரும்பி வரும் செலவும், நான்கைந்து மாதச் சாப்பாட்டுச் செலவும் வாடகையும் தொடாத கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுப் பங்கில் முதலில் அதை ஒதுக்குங்கள். அங்கே போனதும் வீடு வாங்காதீர்கள், ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள்.

நட்புக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நீங்கள் கேட்கவில்லை. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஊர் மாறிவந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து இதைக் கணக்கிட்டார். முகம் தெரிந்தவர் என்பதிலிருந்து சும்மா நண்பர் என்ற நிலைக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். வாரம் ஒரு தடவை இரண்டு மணி நேர வகுப்புக்குப் போனால் 50 மணிக்கே ஆறு மாதம் ஆகிவிடும். அதனால் 'எனக்கு யாரும் ஒட்டவில்லை' என்று இரண்டாவது மாதமே முடிவு கட்டுவது கணக்குத் தெரியாத பேச்சு. வாரத்தில் மூன்று நான்கு நாள் அதே முகங்களைப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். அதிகாலை நடைக் கூட்டம், நூலகத் தன்னார்வ வேலை, தையல் பள்ளி எதுவானாலும். என்ன என்பதைவிட எத்தனை தடவை என்பதைப் பாருங்கள். இப்போதே, இங்கிருந்தே இணையத்தில் தேடி, போன் செய்து, முதல் வாரத்திலேயே சேர்வதாகப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஐந்து வருடம் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கை சும்மா இருக்காது. போன இடத்தில் முதல் மாதத்திலேயே யாராவது ஒரு நோயாளியையோ, தனியாக இருக்கும் முதியவரையோ உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். நல்ல மனசு. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேதி பயணத்திலோ புது ஊரின் முதல் வாரத்திலோ விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்து, அன்றைக்குத் தம்பியோடு இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாள் ஓட்டத்தைக் குறைவாக வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பையும் படுக்கையும் மட்டும் முதலில் இறக்குங்கள். தையல் மிஷின் காரிலேயே இருக்கட்டும், அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல், முகம் கழுவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'புதுசா குடி வந்திருக்கேன், ஒரு கை பிடிக்க முடியுமா?' என்று கேளுங்கள்.